போபால்: நினைவு சொன்னதும் காகிதம் கேட்டதும்

யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்த 1984 டிசம்பர் 2 நள்ளிரவைப் பற்றிப் பழைய போபாலில் யாரிடம் கேட்டாலும் பேச்சு மிளகாயில்தான் தொடங்கும். பக்கத்து வீட்டில் யாரோ மிளகாயை நெருப்பில் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துத்தான் பலரும் விழித்தார்கள். அடுத்து இருமல், கண்ணெரிச்சல். போர்வையை இழுத்து முகத்தை மூடிப் பார்த்தும் அடங்கவில்லை. கதவைத் திறந்தால் தெருவிளக்கைச் சுற்றி வெண்புகை, காலடியில் விழுந்தவர்களைத் தாண்டி ஓடும் கூட்டம். ஆயிரக்கணக்கானோர் சொன்னதில் இந்த வரிசை மாறுவதே இல்லை.

டிசம்பர் முதல் வாரம் வந்தால் பத்திரிகைகள் இந்த நினைவுகளை உருக்கமான துணுக்குகளாகப் போடும். மீதி 51 வாரங்களுக்கு மறந்துவிடும். உண்மையில் அவை துயரக் குறிப்புகள் மட்டுமல்ல. அன்றிரவு நகருக்குள் வாயுவின் அடர்த்தியை அளந்த கருவி ஒன்றுகூடக் கிடையாது. எந்தத் தெருவில் எத்தனை நிமிடம் எவ்வளவு வாயு நின்றது என்பதற்குப் பதிவு இல்லை. இருந்த கருவி மனிதர்களின் கண்ணும் தொண்டையும்தான். அந்தக் கருவி காட்டிய அளவே இந்த நினைவுகள். பின்னால் வந்த நீதிமன்றமும் இழப்பீட்டு அலுவலகமும் இந்த அளவை ஏற்காமல் காகிதம் கேட்டன. போபாலின் நீண்ட துயரத்தில் பெரும்பங்கு இங்கிருந்து விளைந்தது.

நெடி வந்த வழி

அமெரிக்க யூனியன் கார்பைடின் துணை நிறுவனமான யூனியன் கார்பைடு இந்தியாவின் போபால் ஆலை செவின் என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்தது. அதற்கான இடைப்பொருள் மெத்தில் ஐசோசயனேட், சுருக்கமாக எம்.ஐ.சி. பாதி மண்ணில் புதைத்த மூன்று எஃகு தொட்டிகளில் இதை வைத்திருந்தார்கள். அவற்றில் 610ஆம் எண் தொட்டியில் அன்றிரவு சுமார் 42 டன் இருந்தது.

எம்.ஐ.சி.க்குத் தண்ணீர் ஆகாது. தண்ணீர் பட்டால் வெப்பம் எழும், கரியமில வாயு பொங்கும். 39 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம் அது. அதனால் தொட்டியை 0 டிகிரி அளவில் குளிராக வைக்க ஒரு குளிர்பதன அமைப்பு இருந்தது. அதை 1984 ஜூன் மாதமே நிறுத்தி, உள்ளிருந்த ஃப்ரியான் என்ற குளிரூட்டும் பொருளையும் எடுத்துவிட்டார்கள். அழுத்தம் மீறினால் வாயுவைக் காஸ்டிக் சோடாவால் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பர் ஓய்வு நிலையில் கிடந்தது. அதையும் தாண்டி வருவதை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு அரித்துப்போனதால் கழற்றப்பட்டிருந்தது. கடைசித் தடுப்பு தண்ணீர்ப் பீய்ச்சல். வாயு வெளியேறியதோ 30 மீட்டருக்கு மேல் உயர்ந்த குழாயின் வாயில். தண்ணீர் அதன் பாதி உயரத்தைக்கூட எட்டவில்லை.

தண்ணீர் எப்படித் தொட்டிக்குள் போனது என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. அன்று மாலை ஷிப்டில் குழாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கழுவும் முன் வால்வுக்குப் பக்கத்தில் உலோகத் தகடு செருகி வழியை அடைக்க வேண்டும். தகடு செருகவில்லை. பழைய வால்வுகள் கசிந்து தண்ணீர் தொட்டிவரை போனது என்பது தொழிலாளர்களின் விளக்கம். யாரோ ஒரு ஊழியர் வேண்டுமென்றே ரப்பர் குழாயை இணைத்தார் என்பது நிறுவனத்தின் வாதம். நிறுவனத்தின் வாதத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும், மேலே சொன்ன நான்கு தடுப்புகளில் ஒன்றும் ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

இரவு 10.20க்குத் தொட்டியின் அழுத்தம் 2 பி.எஸ்.ஐ. 11 மணிக்கு 10. ஷிப்ட் மாறிய நேரம் என்பதால் ஏற்றம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. 11.30 வாக்கில் ஊழியர்களின் கண் கரித்தது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். 12.40க்குப் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. உள்ளே வெப்பம் 200 டிகிரியைத் தாண்டியிருந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 40 டன் வெளியேறியது.

கண் கரித்தால் கசிவு என்று பொருள் கொள்வது ஆலைக்குள் வழக்கமாகவே இருந்தது. காரணம் உண்டு. காற்றில் பத்து லட்சத்தில் 2 பங்கு எம்.ஐ.சி. இருந்தாலே கண்ணீர் வரும். அந்த அளவில் மூக்குக்கு வாசனையே தெரியாது. 21 பங்கு ஆனால் நிற்கவே முடியாது. கண்ணின் ஈரத்திலும் தொண்டையின் ஈரத்திலும் மோதியவுடன் அது வினைபுரிகிறது. மிளகாய்க் கமறலும் இதே நரம்புகளைத்தான் தூண்டும். ஆகவே மிளகாய் என்ற நினைவு ஓர் உவமை அல்ல, உடல் சரியாகவே சொன்ன தகவல். "வாசனை வந்ததா, கண் எரிந்ததா, எது முதலில்?" என்று கேட்டு எழுதிவைத்திருந்தால் அன்றைய அடர்த்தியைத் தெருவாரியாக ஓரளவு மதிப்பிட்டிருக்கலாம். கேட்டவர்கள் குறைவு.

ஓட்டம்

ஓடியவர்கள் செத்தார்கள், படுத்திருந்தவர்கள் பிழைத்தார்கள் என்ற பேச்சு போபாலில் உண்டு. முழு உண்மை அல்ல. பாதி உண்மை.

எம்.ஐ.சி. ஆவி காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், மேலே எழாது. உயரத்தில் வெளியேறிய வாயு கீழே இறங்கித் தரையோடு தவழ்ந்தது. மெல்லிய வடமேற்குக் காற்று அதைத் தென்கிழக்காக, ஆலை வாசலுக்கு எதிரே இருந்த ஜெயப்பிரகாஷ் நகர், காஜி கேம்ப், அதைத் தாண்டி ரயில் நிலையம் என்று தள்ளியது. ஏரிகளுக்கு அப்பால் மேட்டில் இருந்த புதிய போபாலின் வசதியான பகுதிகள் பெரும்பாலும் தப்பின. விஷவாயுவுக்கு வர்க்க பேதம் தெரியாது என்று எழுதுகிறவர்கள் போபால் வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம்.

காற்று போகும் திசையிலேயே ஓடியவர்கள் மேகத்துக்குள்ளேயே ஓடினார்கள். ஓடினால் மூச்சு பலமடங்கு கூடும், நுரையீரலுக்குள் போகும் வாயுவும் அதே அளவு கூடும். குழந்தைகளின் மூக்கு தரைக்கு அருகில் இருந்தது. காற்றுக்குக் குறுக்காக விலகி, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். தண்ணீரோடு வினைபுரியும் வாயுவை ஈரத்துணி ஓரளவு பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு வரியை ஆலை யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து ஆலையைத் தொலைபேசியில் கேட்டபோதும், கண்ணைத் தண்ணீரால் கழுவினால் போதும் என்ற அளவில்தான் பதில் வந்தது.

சங்கு ஊதியதா என்பதில் நினைவுகள் மோதும். கேட்டது என்பவர்களும் உண்டு, கேட்கவே இல்லை என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் சரிதான். ஊழியர்களுக்கான எச்சரிக்கை ஒலியையும் ஊருக்கான சங்கையும் நிர்வாகம் முன்பே பிரித்துவிட்டிருந்தது. ஊர்ச்சங்கு வால்வு திறந்த சற்று நேரத்தில் கொஞ்சம் ஊதி நின்றது. தொடர்ந்து ஊதியது 2 மணி வாக்கில்தான், அதற்குள் மேகம் ஊருக்குள் போய்விட்டது.

நினைவு தடுமாறும் இடமும் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. போபால் மூன்று முறை ஓடியது. முதல் ஓட்டம் இரவில். இரண்டாவது, மறுபடி வாயு கசிகிறது என்ற வதந்தியால் மறுநாள். மூன்றாவது, மீதமிருந்த எம்.ஐ.சி.யை டிசம்பர் 16 முதல் செவினாக மாற்றித் தீர்த்த வாரத்தில். ஈரச் சாக்குகளை வேலியில் தொங்கவிட்டு, ஹெலிகாப்டரில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நடந்த அந்த வேலைக்கு 'ஆபரேஷன் ஃபெய்த்' என்று அரசு பெயர் வைத்தது. நம்பிக்கை என்ற பெயரைக் கேட்டும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டுப் போனார்கள். சிறுவயதில் இதையெல்லாம் பார்த்தவர்கள் சொல்லும்போது மூன்று ஓட்டங்களும் கலந்துவரும். பகல் வெளிச்சமா இருட்டா, போர்வை இருந்ததா மூட்டை முடிச்சு இருந்ததா என்று கேட்டால் பிரித்துவிடலாம். முதல் ஓட்டத்தில் யாரும் மூட்டை கட்டவில்லை.

எழுதப்படாத சீட்டு

ஹமிதியா மருத்துவமனையில் அன்று விடியும் முன்பே ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு அனுப்புவதே பெரும்பாடு. பெயர், வயது, தெரு, அறிகுறி என்று எழுத ஆளில்லை. பிணங்களைக் கூட்டம் கூட்டமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். குடும்பமே போன வீடுகளில் பெயர் சொல்ல யாரும் மிஞ்சவில்லை. ரயில் நிலையத்தில் இறந்தவர்களில் வெளியூர்க்காரர்கள் எத்தனை பேர் என்பதும் கணக்கில் சேரவில்லை. அரசு முதலில் சொன்ன எண்ணிக்கை 2,259. பின்னர் 3,787. இழப்பீட்டுக் கணக்கில் ஏறியது 5,295. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் நீண்டகால மரணங்களையும் சேர்த்து 20,000க்கு மேல் என்கின்றன. எண்கள் இப்படி விலகுவதற்குப் பொய் மட்டும் காரணமல்ல. சீட்டு எழுதப்படாத இரவு என்பதே முதல் காரணம்.

அடுத்த வாரங்களில் இன்னொரு குழப்பம். பிரேதப் பரிசோதனையில் ரத்தமும் உறுப்புகளும் செக்கச் சிவந்திருந்தன. அது சயனைடு நச்சின் அடையாளம் என்று தடயவியல் மருத்துவர் ஹீரேஷ் சந்திரா கருதினார். அப்படியானால் சயனைடுக்கு முறிமருந்தான சோடியம் தயோசல்பேட் ஊசி பலன் தர வேண்டும். ஊசி போட்டதும் மூச்சு லேசானது என்று நோயாளிகள் சொன்னார்கள். சயனைடு உடலைவிட்டு வெளியேறும் வடிவமான தயோசயனேட்டின் அளவும் சிறுநீரில் ஏறியது. 1985 தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஊசியைப் பரிந்துரைத்தது. ஆனால் மாநில மருத்துவத் துறையில் எதிர்ப்பு இருந்தது, பரவலாகப் போடவில்லை. 1985 ஜூனில், ஊசி போட்டுப் பதிவேடும் வைத்திருந்த ஜன ஸ்வாஸ்த்ய கேந்திரம் என்ற மக்கள் மருத்துவமனைக்குள் போலீஸ் புகுந்து மருத்துவர்களைக் கைதுசெய்தது, பதிவேடுகளையும் எடுத்துச் சென்றது. யாரிடம் கொஞ்சமாவது காகிதம் இருந்ததோ, அதுவும் இப்படிப் போனது.

இதற்கிடையே 1985ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட எல்லாருக்காகவும் வழக்காடும் உரிமையை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. தந்தையின் இடத்தில் அரசு நிற்கும் என்பது சட்டக் கொள்கை. அமெரிக்க நீதிமன்றம் 1986ல் வழக்கை இந்தியாவுக்கே திருப்பியது. 330 கோடி டாலர் கேட்ட அரசு, 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்கு, அன்றைய மதிப்பில் 715 கோடி ரூபாய்க்கு, உடன்பட்டது. யார் பெயரில் வழக்கு நடந்ததோ அவர்களை யாரும் கேட்கவில்லை. உடன்பாட்டின் அடிப்படை: இறந்தோர் 3,000, காயமுற்றோர் சுமார் ஒரு லட்சம். பின்னால் அரசின் தீர்ப்பாயங்களே இழப்பீட்டுக்குத் தகுதி என்று ஏற்றவர்கள் 5.7 லட்சத்துக்கும் மேல். 715 கோடியை அத்தனை பேருக்கும் பிரித்தால் தலைக்கு 12,500 ரூபாய் சொச்சம்.

ஒருவரின் காயம் எவ்வளவு பெரியது என்று முடிவுசெய்யத் தனித்தனி மருத்துவக் கோப்பு தயாரித்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு இது: மதிப்பிட்ட கோப்புகள் 3,61,966. அவற்றில் 'காயம் இல்லை' 1,55,203. 'தற்காலிகக் காயம்' 1,73,382. 'நிரந்தர முழு ஊனம்' 40.

நாற்பது பேர். இந்த எண்ணை இரண்டாவது முறை படிக்காமல் யாராலும் கடக்க முடியாது. சம்பவ நேரத்து மருத்துவச் சீட்டு, சேர்க்கைச் சான்று, பரிசோதனை முடிவு ஆகியவற்றுக்கு எடை கொடுத்த முறையில், அந்த இரவில் சீட்டே எழுதப்படாதவர் எங்கே நிற்பார்? மூச்சுத்திறன் சோதனை செய்துகொண்ட நாளில் கொஞ்சம் தேறியிருந்தால் காயம் தற்காலிகமாகிவிடும். நுரையீரல் சிறு குழாய்களில் ஏற்படும் தழும்பு ஆண்டுகள் கழித்தே முழுமையாகத் தெரியும் என்பதை அந்தப் படிவம் அறியாது.

ஆலையைச் சுற்றிய பகுதிகள் உட்பட நகரின் 56 வார்டுகளில் 36 பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 1990 முதல் அந்த வார்டுவாசிகளுக்குத் தலைக்கு மாதம் 200 ரூபாய் இடைக்கால நிவாரணம் வந்தது. 1992ல் இழப்பீடு தொடங்கியபோது பெரும்பாலோருக்குத் தீர்ந்தது 25,000 ரூபாய், அதிலும் வாங்கிய இடைக்கால நிவாரணத்தைக் கழித்துக்கொண்டார்கள். டாலரில் கிடந்த பணம் வட்டியோடும் மாற்று விகிதத்தோடும் வளர்ந்திருந்ததால், 2004ல் உச்ச நீதிமன்றம் மிச்சத்தையும் அதே விகிதத்தில் பிரிக்கச் சொன்னது. மறுபடி ஒரு 25,000. இழப்பீட்டை உயர்த்தக் கோரி மத்திய அரசு 2010ல் போட்ட மறுசீராய்வு (க்யூரேட்டிவ்) மனு 2023 மார்ச் 14ல் தள்ளுபடியானது. இத்தனை ஆண்டு கழித்து உடன்பாட்டைத் திறக்க முடியாது, குறை ஏற்பட்டால் ஈடுசெய்வது அரசின் பொறுப்பு என்பது நீதிமன்றத்தின் நிலை. குற்ற வழக்கில் 2010 ஜூனில் இந்திய நிர்வாகிகளுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுச் சிறை. அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் தலைவர் வாரன் ஆண்டர்சன் 1984 டிசம்பர் 7ல் கைதான அன்றே ஜாமீனில் வெளிவந்தவர், 2014ல் இறக்கும்வரை இங்கே நீதிமன்றப் படி ஏறவில்லை.

பிறக்காதவர்களின் கணக்கு

பெண்களின் நினைவு இன்னும் தாமதமாகவே காதில் விழுந்தது. ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அன்று கர்ப்பமாக இருந்த 865 பெண்களை ஓர் ஆய்வு பின்தொடர்ந்தது. 43 விழுக்காட்டுக் கர்ப்பங்கள் உயிருள்ள குழந்தையில் முடியவில்லை. பிறந்த 486 குழந்தைகளில் சுமார் 14 விழுக்காடு முதல் 30 நாட்களுக்குள் இறந்தன. வழக்கமான விகிதம் 3 விழுக்காட்டை ஒட்டியது. கருச்சிதைவுக்கு மருத்துவமனைச் சீட்டு வைத்திருக்கும் பழக்கம் அந்தக் குடிசைகளில் எங்கே இருந்தது? மாதவிடாய்க் கோளாறு, வெள்ளைப்படுதல், கருச்சிதைவு ஆகியவற்றைப் பெண்கள் சொன்னபோது வறுமையும் ரத்தசோகையும் காரணம் என்று ஒதுக்கினார்கள்.

ஐ.சி.எம்.ஆர். தன் நீண்டகால ஆய்வுகளை 1994ல் நிறுத்திவிட்டது. கண்காணிப்பு நின்றதால் பாதிப்பு நின்றுவிடவில்லை. 2023ல் வெளியான ஓர் ஆய்வு, தேசியக் கணக்கெடுப்புகளின் தரவை எடுத்து, 1985ல் போபால் வட்டாரத்தில் பிறந்த ஆண்களைப் பார்த்தது. அன்று தாயின் வயிற்றில் இருந்த அவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு எட்டு மடங்கு அதிகமாக இருந்தது. வேலை செய்ய முடியாத அளவு உடற்குறையும் கூடுதலாக இருந்தது. இவர்களுக்கு அந்த இரவு நினைவில்லை. இழப்பீட்டுப் படிவத்தில் 'சம்பவத்தின்போது நீங்கள் இருந்த இடம்' என்ற கேள்விக்கு இவர்கள் எழுதக்கூடிய பதிலுக்கு ஒரு கட்டமும் இல்லை.

யாருக்கு நினைவிருக்கிறது

இரண்டாவது நச்சு மெதுவாக வந்தது. ஆலை தன் கழிவை வளாகத்துக்குள் குழிகளில் கொட்டியது, 1977 முதல் வடக்கே இருந்த, கழிவுநீரை வெயிலில் வற்றவைக்கும் குளங்களுக்கும் அனுப்பியது. குளத்தின் அடியில் விரித்த பிளாஸ்டிக் கிழிந்தால் திரவம் நிலத்துக்குள் இறங்கும். அதுதான் நடந்தது. கைப்பம்பு நீரில் நெடி அடிக்கிறது, பாத்திரத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கிறது என்று சுற்றுக் குடியிருப்புகள் பல ஆண்டு சொல்லிவந்தன. 1999ல் கிரீன்பீஸ் எடுத்த மாதிரிகளில் குளோரின் கலந்த கரைப்பான்களும் பாதரசமும் தெரிந்தன. 2004ல் உச்ச நீதிமன்றம் குழாய்நீர் தரச் சொன்னது. இன்று நச்சு நீர்ப் பட்டியலில் உள்ள குடியிருப்புகள் 42. இவர்களில் பலர் 1984க்குப் பின் குடிவந்தவர்கள், சட்டப்படி 'கேஸ் பீடித்', அதாவது வாயுவால் பாதிக்கப்பட்டவர், ஆக மாட்டார்கள்.

2005 வாக்கில் வளாகத்தில் மேலாகக் கிடந்த கழிவைத் திரட்டிக் கிடங்கில் அடைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து, உயர் நீதிமன்றத்தின் கெடுவுக்கு அஞ்சி, 2025 ஜனவரி 1 இரவு 12 கொள்கலன்களில் 337 டன் கழிவு சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பீதம்பூருக்குப் போனது. அங்கே மக்கள் தெருவில் இறங்கினார்கள். சோதனை எரிப்புகளுக்குப் பின் ஜூன் இறுதியில் எரித்து முடித்தார்கள். சுண்ணாம்பும் பிறவும் சேர்த்து எரித்ததால் மிஞ்சிய சாம்பலும் கசடும் கழிவின் இரண்டரை மடங்குக்கு மேல். கழிவு தீர்ந்தது என்று தலைப்புச் செய்தி வந்தது. தீர்ந்தது தரைக்கு மேல் இருந்தது மட்டும்.

நினைவைச் சேர்க்கும் வேலையைப் பாதிக்கப்பட்டவர்களே எடுத்துக்கொண்டார்கள். 2014 டிசம்பரில் திறந்த 'ரிமெம்பர் போபால்' அருங்காட்சியகத்தில் சுவரில் பழைய தொலைபேசிகள் தொங்குகின்றன. ரிசீவரைக் காதில் வைத்தால் ஒருவர் பேசுவார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழந்தையின் சட்டை, ஒரு மருந்துச் சீட்டு. அரசுப் பணமும் நிறுவனப் பணமும் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறார்கள்.

அழுகைக்கான இடமாக மட்டும் அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒரு வேலையைத் தவறவிடுகிறார்கள். ஆலை வளாகத்துக்குள் 21 இடங்களில் கழிவு கொட்டப்பட்டதாக ஆய்வுகள் குறிக்கின்றன. அவற்றில் எந்தக் குழியில் எந்தப் பிரிவின் கழிவு எந்த ஆண்டு இறங்கியது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே டிராலி தள்ளிய, வால்வு திருகிய பழைய தொழிலாளர்கள். அன்று இருபதுகளில் இருந்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது, பலர் மூச்சுக்குழல் நோயோடு இருக்கிறார்கள். மண்ணைத் தோண்டிச் சுத்தம்செய்யும் வேலை இன்னும் தொடங்கவில்லை. தொடங்கும் நாளில் எந்த இடத்தில் முதல் துளை போட வேண்டும் என்று இவர்களைத்தான் கேட்டாக வேண்டும்.